தண்ணீருக்கடியில் இழுத்த மூச்சு

கடலில் விழுந்த ஆளைக் கரைக்குக் கொண்டுவருவதற்குள் ஒரு கதை தயாராகிவிடுகிறது. "வலை இழுக்கும்போது மயங்கிவிட்டார்", "வெயில் தாங்கவில்லை", "காலையில் வெறும் வயிற்றோடு வந்தார்". படகில் இருந்த அத்தனை பேரும் அதையே சொல்வார்கள். அவர் தண்ணீருக்கடியில், படகிலிருந்து குழாய் வழியே வரும் கம்ப்ரசர் காற்றை இழுத்துக்கொண்டிருந்தார், அவசரமாக மேலே வந்தார், வந்த சில நிமிடங்களில் விழுந்தார் என்ற நிஜக்கதை படகோடு நின்றுவிடும். இராமநாதபுரம் கரையில் மூளைக்குள் காற்றுக்குமிழி ஏறிய ஒருவரைக் காப்பாற்றத் தடையாக இருப்பவற்றில் இந்தப் பொய்யைத்தான் நான் முதலில் வைப்பேன். தூரம், வசதிக்குறைவு எல்லாம் அதற்குப் பிறகுதான்.

பொய்க்குக் காரணம் இல்லாமல் இல்லை. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் அவற்றைச் சுற்றிய கடலும் 1986 முதல் தேசியப் பூங்கா. 2001இல் கடல் அட்டையை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்தார்கள். புலி, யானை இருக்கிற அதே அட்டவணை. அதிலிருந்து, அடியில் இறங்கி எதை எடுத்தாலும், சங்காகவே இருந்தாலும், 'விசாரணை வருமோ' என்ற பயம் குளியாட்களை விட்டுப் போகவில்லை. குழாய், கம்ப்ரசர் என்று வாயைத் திறந்தால் வழக்கு, படகு பறிமுதல் என்று கணக்குப் போடுகிறார்கள். அந்தக் கணக்கில் ஒருவருடைய மூளை விட்டுப்போகிறது.

நான் மண்டபம் பக்கத்துப் பள்ளியில் இயற்பியல் நடத்தி ஓய்வுபெற்றவன். மருத்துவன் அல்லன். ஆனால் இந்த விபத்தின் முதல் பாதி முழுக்க முழுக்க என் பாடத்துக்குள் வருகிறது. ராபர்ட் பாயில் 1662இல் வெளியிட்ட விதி: வெப்பநிலை மாறாதவரை, அழுத்தம் இரண்டு மடங்கானால் காற்றின் கன அளவு பாதியாகும், அழுத்தம் பாதியானால் கன அளவு இரண்டு மடங்காகும். கடலில் 10 மீட்டர் இறங்கினால் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. கரையில் 1, பத்து மீட்டரில் 2, இருபதில் 3. பரீட்சைக்கு இவ்வளவு போதும். கடலுக்கு இன்னும் ஒன்று வேண்டும்: அந்தக் காற்றை எங்கே நின்று உள்ளே இழுத்தீர்கள் என்ற கேள்வி.

இந்தக் கரையின் பழைய குளியாட்கள் காற்றை மேலே இழுத்தார்கள். முத்துச் சலாபம் என்ற முத்துக்குளிப்பு நடந்த காலத்திலும், சங்கு குளிப்பு உரிமை இராமநாதபுரம் மன்னர்களான சேதுபதிகளிடம் இருந்த காலத்திலும், கல்லைப் பிடித்துக்கொண்டு பாகம் என்ற ஆழக்கணக்கில் இறங்கியவன் நெஞ்சுக்குள் கொண்டுபோனது படகின் விளிம்பில் இழுத்த ஒரு மூச்சை மட்டும்தான். பத்து மீட்டரில் அது பாதியாகச் சுருங்கும். மேலே வரும்போது பழைய அளவுக்கு விரியும், அதற்குமேல் ஒரு துளியும் விரியாது. இன்றும் பாம்பன், ஏர்வாடி பக்கம் விரலில் துணி சுற்றிக்கொண்டு பாசி எடுக்கப் போகிற பெண்கள் அப்படித்தான் மூழ்குகிறார்கள். மூச்சடக்கி மூழ்குவதிலும் ஆபத்து உண்டு. பாலினேசியாவின் துவாமோட்டு தீவுகளில் 30 மீட்டருக்கும் கீழே நாள் முழுவதும் திரும்பத் திரும்ப மூழ்கிய முத்துக்குளிப்பவர்களுக்குத் தலைசுற்றலும் வாதமும் வந்ததை 'தரவானா' என்று பதிவு செய்திருக்கிறார்கள். நம் பாசிக்காரப் பெண்கள் போகிற இடுப்பளவு, ஆளளவு ஆழத்துக்கு அது பொருந்தாது.

கம்ப்ரசர் வந்ததும் கணக்கு தலைகீழானது. பஞ்சர் கடையில் டயருக்குக் காற்றடிக்கும் அதே ரகம். படகின் எஞ்சினோடு பெல்ட் போட்டு ஓட்டி, நீளமான பிளாஸ்டிக் குழாயின் நுனியை வாயில் கவ்விக்கொண்டு இறங்குகிறார்கள். எஞ்சின் புகையும் எண்ணெய் ஆவியும் அதே குழாயில் வருவது தனித் தொல்லை. பத்து மீட்டரில் நின்று குழாயிலிருந்து நெஞ்சு நிறைய இழுத்தால் நுரையீரலில் இருப்பது ஆறு லிட்டர் என்று வையுங்கள். அந்த ஆறும் கரைக் கணக்கில் பன்னிரண்டு. மூச்சை விட்டுக்கொண்டே மேலே வந்தால் மிகுதி வாய்வழியே போய்விடும். பதற்றத்தில் வாயை மூடிக்கொண்டு வந்தால் பன்னிரண்டு லிட்டருக்கு நுரையீரலில் இடமில்லை. சிற்றறைகள் கிழியும்.

நம் ஊர் நம்பிக்கை ஒன்று இங்கே உடைகிறது. வடக்கே பாக் கடலைப் பெண்கடல் என்றும் தெற்கே மன்னார் வளைகுடாவை ஆண்கடல் என்றும் சொல்வோம். பெண்கடல் அமைதி, ஆழம் குறைவு, பெரும்பாலும் 15 மீட்டரைத் தாண்டாது. ஆகவே அங்கே பயமில்லை என்பார்கள். நுரையீரல் கிழிவதற்கு ஆழமே வேண்டியதில்லை. முப்பது மீட்டரிலிருந்து இருபதுக்கு வரும்போது காற்று மூன்றில் ஒரு பங்கு விரிகிறது. கடைசிப் பத்து மீட்டரில் இரட்டிப்பாகிறது. மேல்மட்டத்துக்கு மிக அருகிலுள்ள, வெளிச்சம் தெரிகிற, 'வந்தாயிற்று' என்று தோன்றுகிற அந்தக் கடைசித் தண்ணீர்தான் மிகப் பொல்லாதது. நெஞ்சு நிறைய அழுத்தக் காற்றை இழுத்து மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரு மீட்டர் சொச்சம் ஆழத்திலிருந்து எழுந்தவருக்கே, அதாவது நீச்சல் குளத்திலேயே, இது நேர்ந்திருக்கிறது.

கிழிந்த இடத்திலிருந்து காற்று எங்கே போகிறது? சிலருக்குக் கழுத்துத் தோலுக்கடியில் வந்து தங்குகிறது. விரலால் அழுத்தினால் நறநறவென்று இருக்கும். சிலருக்கு நுரையீரலுக்கும் விலாவுக்கும் நடுவே புகுந்து நுரையீரலைச் சுருட்டிவிடுகிறது. மோசமானது மூன்றாவது வழி. நுரையீரலிலிருந்து இதயத்தின் இடப்பக்கத்துக்கு நல்ல ரத்தம் கொண்டுபோகும் சிரைகளுக்குள் குமிழி நுழைகிறது. இதயம் அதைப் பெருந்தமனிக்குத் தள்ளுகிறது. அங்கிருந்து கழுத்துத் தமனி வழியாக மூளை. உடல் எடையில் இரண்டு சதவீதமே உள்ள மூளைக்கு இதயம் வெளியேற்றும் ரத்தத்தில் ஏறத்தாழ 15 சதவீதம் போகிறது. குமிழிக்கு வழி சொல்லவா வேண்டும்? டீசல் குழாயில் காற்று அடைத்துக்கொண்டால் டேங்க் நிறைய டீசல் இருந்தும் எஞ்சின் நின்றுபோவதைப் படகுக்காரர் ஒவ்வொருவரும் பார்த்திருப்பார். மூளையின் சிறு தமனியில் நடப்பது ஏறக்குறைய அதுதான்.

ஏறக்குறைய என்று சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. டீசல் குழாயில் காற்று போனால் கதை முடிந்தது, மூளையில் அப்படியில்லை. பல குமிழிகள் சிறிது நேரம் அடைத்துவிட்டு, உடைந்து, சிரைப்பக்கம் நழுவிப் போய்விடும். விழுந்தவர் எழுந்து உட்கார்ந்து தண்ணீர் கேட்பார். ஆனால் குமிழி உரசிப்போன இடத்தில் ரத்தக்குழாயின் உள்சுவர் புண்ணாகியிருக்கும். அங்கே வெள்ளை அணுக்கள் வந்து ஒட்டும், குழாய் குறுகும், மூளைக்குள் நீர் கசிந்து வீக்கம் வரும். சில மணி நேரம் கழித்து மறுபடியும் கை கால் விழும். நடுவில் வந்த அந்தத் தெளிச்சியை நம்பித்தான் ஆட்களை வீட்டுக்கு அழைத்துப்போகிறார்கள்.

என்னிடம் படித்த ஒருவனுக்கு இது அப்படியே நடந்தது. நாலு பாகம் ஆழம், அதாவது ஏழு மீட்டர். பெல்ட் கழன்று குழாயில் காற்று நின்றது. கடைசியாக இழுத்த மூச்சை விட மனமில்லாமல் அடக்கிக்கொண்டு மேலே வந்தான். படகின் விளிம்பைப் பிடித்து "பெல்ட்டைப் பாருங்கள் அண்ணே" என்று சொன்னவனுக்கு அடுத்த வார்த்தை வரவில்லை. வலக்கை நழுவியது, பிறகு வலிப்பு. ஏழு மீட்டரில் ஆறு லிட்டர் என்றால் மேலே பத்து லிட்டருக்கு மேல். வகுப்பில் இதே கணக்கை அவன் போட்டிருக்கிறான், சரியாகவே.

கரைக்கு வரும்போது நன்றாகத் தெளிந்துவிட்டான். வீட்டில் கஞ்சி குடித்தான். சாயங்காலம் பேச்சு குழறியது. அவனுடைய அம்மா என்னிடம், "சார், காத்துக் கருப்பு என்கிறார்கள், ஏர்வாடி தர்காவுக்குக் கூட்டிக்கொண்டு போகவா?" என்று கேட்டார். முதலில் மருத்துவமனைக்குப் போகலாம், மற்றது பிறகு என்றேன். மருத்துவமனையில் உடன்வந்தவர்கள் வலைக்கதையைச் சொன்னார்கள். பக்கவாதம் என்று எழுதிக்கொண்டார்கள், சி.டி. ஸ்கேனில் ஒன்றும் தெரியவில்லை. அங்கிருந்தவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. முப்பதைத் தாண்டிய ஒருவனுக்கு ஒரு பக்கம் விழுந்தால் வேறு என்ன நினைப்பார்கள்? ஸ்கேனில் குமிழி தெரிந்தால் உறுதி. தெரியாவிட்டால் இல்லை என்று பொருளில்லை. படம் எடுப்பதற்குள் காற்று கரைந்தோ நகர்ந்தோ போயிருக்கலாம். இந்த நோயைக் கண்டுபிடிப்பது பெரும்பாலும் நோயாளி சொல்லும் கதையை வைத்துத்தான். கதை பொய் என்றால் ஸ்கேன் எந்திரம் என்ன செய்யும்?

இரவுப் பணிக்கு வந்த இளம் மருத்துவர் ஒருவர் கழுத்தில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்தவர் கையை எடுக்கவில்லை. நறநறப்பு. கூட வந்தவர்களை வெளியே அனுப்பிவிட்டு அவனிடம் நேராகக் கேட்டார்: "தண்ணீருக்குள்ளே எதை வைத்து மூச்சு விட்டாய்? எதை எடுக்கப் போனாய் என்று நான் கேட்கவில்லை." அந்த இரண்டாவது வாக்கியத்துக்காகவே அவருக்கு ஒரு கும்பிடு போட வேண்டும். அவன் தலையாட்டினான்.

அதற்குப்பின் செய்ததெல்லாம் எளிமையானவை. முகத்தோடு இறுகிய, பை வைத்த முகமூடியில் நிமிடத்துக்கு 15 லிட்டர் ஆக்சிஜன். மல்லாந்து சமமாகப் படுக்கை. முன்பெல்லாம் தலையைத் தாழ்த்திக் காலைத் தூக்கி வைக்கச் சொல்வார்கள், குமிழி மேல்நோக்கிக் கால்பக்கம் போய்விடும் என்ற கணக்கில். தமனியில் ரத்தம் பாயும் வேகத்தில் குமிழி மிதந்து திசை மாறுவதில்லை. தலை தாழ்ந்தால் மூளைவீக்கம்தான் கூடுகிறது என்று தெரிந்ததும் அதைக் கைவிட்டார்கள். உட்கார வைப்பதும் கூடாது. வாந்தி வந்தால் ஒருக்களித்துப் படுக்க வைக்கலாம். சிரைவழியே திரவம், குளுக்கோஸ் கலக்காதது; ரத்தத்தில் சர்க்கரை ஏறினால் அடிபட்ட மூளைக்குக் கேடு. நெஞ்சு எக்ஸ்ரே கட்டாயம். விலாவுக்குள் சிக்கிய காற்றை வெளியேற்றாமல் அழுத்த அறைக்குள் அனுப்பினால், அழுத்தத்தைக் குறைக்கும் கட்டத்தில் அந்தக் காற்று விரிந்து நுரையீரலையும் இதயத்தையும் நெருக்கும். ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி இங்கே உதவாது, அடைத்திருப்பது கட்டி இல்லையே.

உண்மையான மருந்து அழுத்தம். இரும்பு அறை ஒன்றுக்குள் ஆளை வைத்து, உள்ளே காற்றழுத்தத்தை ஏற்றி, முகமூடியில் தூய ஆக்சிஜன் கொடுக்கிறார்கள். உலகெங்கும் பெரும்பாலும் பின்பற்றுவது அமெரிக்கக் கடற்படையின் ஆறாம் அட்டவணை. முதலில் 18 மீட்டர் ஆழத்துக்குச் சமமான 2.8 வளிமண்டல அழுத்தம். அங்கே இருபது நிமிடம் ஆக்சிஜன், ஐந்து நிமிடம் சாதாரணக் காற்று என்று மூன்று சுற்று. பிறகு 9 மீட்டர் அளவுக்கு மெல்லக் குறைத்து இன்னும் நீண்ட சுற்றுகள். மொத்தம் நான்கே முக்கால் மணி நேரம். தேவைப்பட்டால் நீட்டிப்பார்கள், மறுநாளும் வைப்பார்கள். நடுவில் காற்று கொடுப்பது ஏன் என்றால், அழுத்தத்தில் ஆக்சிஜனே நஞ்சாகி வலிப்பைக் கொண்டுவரும். பிரெஞ்சு உடலியல் அறிஞர் பால் பெர்ட் 1878இலேயே இதை எழுதிவைத்திருக்கிறார்.

அழுத்தம் குமிழியை நசுக்கிவிடும், அவ்வளவுதானே என்று நானும் முதலில் எண்ணினேன். கணக்குப் போட்டுப் பார்த்தால் அது பாதிதான் உண்மை. 2.8 மடங்கு அழுத்தத்தில் குமிழியின் கன அளவு மூன்றில் ஒரு பங்கை ஒட்டிக் குறைகிறது. ஆனால் உருண்டையின் குறுக்களவு கன அளவின் மூன்றாம் மூலத்தின்படி மாறுவது. அது முப்பது சதவீதம்கூடக் குறைவதில்லை. குழாயை அடைப்பது குறுக்களவு. ஆகவே பெரிய வேலையைச் செய்வது ஆக்சிஜன். குமிழியில் இருப்பது பெரும்பாலும் நைட்ரஜன். தூய ஆக்சிஜனை மூச்சிழுக்கும்போது ரத்தத்தில் நைட்ரஜன் வற்றுகிறது. குமிழியிலுள்ள நைட்ரஜன் வெளியே கசிந்து ரத்தத்தில் கரைகிறது. குமிழி உள்ளிருந்து காலியாகிறது. இன்னொன்றும் நடக்கிறது. அந்த அழுத்தத்தில் சிவப்பணுக்களின் உதவி இல்லாமலே ஆக்சிஜன் ரத்தநீரில் ஏராளமாகக் கரைந்து நிற்கிறது. ஆம்ஸ்டர்டாமின் போயிரெமா குழு 1960இல், மூன்று வளிமண்டல அழுத்தத்தில், சிவப்பணுக்களை ஏறக்குறைய முழுவதும் நீக்கிய பன்றிக்குட்டிகளை உயிரோடு வைத்துக்காட்டியது. அணுக்கள் நுழைய முடியாத இடுக்கிலும் அந்த நீர் நுழைந்து பட்டினி கிடக்கும் மூளைக்கு ஊட்டுகிறது. வெள்ளை அணுக்கள் குழாய்ச்சுவரில் ஒட்டுவதும் குறைகிறது. எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. ஆனால் பல மணி நேரம் தாமதமாகிவிட்டது என்பதற்காகக் கைவிடக்கூடாது. தாமதமாகப் போனவர்களும் தேறியிருக்கிறார்கள்.

என் மாணவன் தாமதமாகப் போனவன்தான். அறைக்குள் அழுத்தம் ஏறும்போது காது அடைத்தது, உள்ளே புழுங்கியது என்றான். காற்றை அமுக்கினால் சூடாகும், சைக்கிள் பம்பைத் தொட்டுப் பார்த்ததில்லையா என்று கேட்டேன். சிரித்தான், பேச்சு திரும்பிவிட்டது. வலக்கைப் பிடி முழுதாகத் திரும்பவில்லை. இனிக் குளிக்கக்கூடாது என்று எழுதிக்கொடுத்திருக்கிறார்கள்.

தூரத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். இராமநாதபுரத்திலிருந்து மதுரைக்கு 110 கிலோமீட்டருக்கு மேல். இராமேஸ்வரம் தீவிலிருந்து புறப்பட்டால் இன்னும் ஐம்பதுக்கு மேல் சேர்த்துக்கொள்ளுங்கள். சென்னை 500 கிலோமீட்டரைத் தாண்டும். எங்கே அறை இருக்கிறது, இன்று அது இயங்குகிறதா, ஆள் இருக்கிறாரா என்பதைத் தொலைபேசியில் உறுதி செய்யாமல் வண்டியை எடுக்கக்கூடாது. அழகுநிலையங்களில் 'ஆக்சிஜன் தெரபி' என்று வைத்திருக்கும் ஊதிய பைகள் இதற்கு ஆகாது, அவை 1.3 மடங்கு அழுத்தத்தை ஒட்டியே நின்றுவிடும். வழியும் முக்கியம். மேலே ஏறினால் அழுத்தம் குறைந்து குமிழி மறுபடி வீங்கும். ஆகவே 300 மீட்டருக்குமேல் ஏறாத பாதை வேண்டும். நம் மாவட்டம் தட்டை, மதுரை வரை கவலையில்லை. கொச்சிப் பக்கம் போக நேர்ந்தால் தேனி, குமுளி வழி கிட்டத்தட்ட 900 மீட்டர் ஏறுகிறது. சுற்றுதான் என்றாலும் நாகர்கோவில், திருவனந்தபுரம் வழியே நல்லது. ஹெலிகாப்டர் கிடைத்தாலும் தாழப் பறக்கச் சொல்ல வேண்டும்.

இதைத் தெரிந்துகொண்ட பிறகு சிலர் என்னிடம் சொட்டுமருந்துக் குழாயில் தெரியும் குமிழியைக் காட்டிப் பயப்படுகிறார்கள். அது போவது சிரைக்கு. சிறு குமிழிகளை நுரையீரல் வடிகட்டிவிடும். நான்கில் ஒருவருக்கு இதய மேலறைகளின் நடுவே பிறவியிலிருந்து மூடாத ஒரு சிறு துளை இருப்பதால் முழுக்க அலட்சியமும் வேண்டாம். கழுத்துப் பெருஞ்சிரையில் போட்ட குழாயை எடுக்கும்போது நோயாளியைச் சமமாகப் படுக்க வைத்து, மூச்சை வெளியே விடச் சொல்லி, துளையை உடனே அழுத்தி மூடுவது இதற்காகத்தான்.

அழுத்த அறை ஒன்று நம் மாவட்டத்துக்கு வேண்டும் என்று மனு எழுதலாமா என்று நண்பர்கள் கேட்கிறார்கள். 2022 முதல் இராமநாதபுரத்தில் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது, கேட்பதில் தவறில்லை. எழுதுங்கள், நானும் கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் இயக்கத் தெரிந்தவர் இரவு பகலாக இல்லாத அறை வெறும் இரும்பு டிரம். அதைவிட முதலில், ஒவ்வொரு கரையிலும் ஒரு ஆக்சிஜன் சிலிண்டரும் பை வைத்த முகமூடியும் இருக்கட்டும் என்பது என் கட்சி. பாலிடெக்னிக் முடித்த எந்தப் பையனுக்கும் ஒரு மாலையில் பழக்கிவிடலாம். அடியில் குமிழியை நசுக்கிவிடலாம் என்று ஆளை மறுபடி தண்ணீருக்குள் இறக்கும் வேலையை மட்டும் யாரும் செய்ய வேண்டாம். வலிப்பு வந்தவன் தண்ணீருக்குள் என்ன ஆவான் என்று யோசித்தால் போதும்.

கடலிலிருந்து கடலோரக் காவல்படையை அழைக்க 1554, கரையில் ஆம்புலன்சுக்கு 108. எதில் பேசினாலும், எந்த மருத்துவமனை வாசலில் நின்றாலும், பரிந்துரைச் சீட்டின் முதல் வரியாக எழுதவைக்க வேண்டியது இது: "தண்ணீருக்கடியில் அழுத்தக் காற்றை மூச்சிழுத்தவர், இத்தனை மணிக்கு மேலே வந்தார், பத்து நிமிடத்துக்குள் விழுந்தார்." எதை எடுக்கப் போனார் என்பதைச் சீட்டில் யாரும் கேட்பதில்லை.